வார்டு நோயாளிக்கு உணவுத் திட்டம் எழுதுவது எப்படி? நர்சிங் மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டயட் பிளான் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றால், மாணவர்கள் முதலில் எழுதுவது 'தவிர்க்க வேண்டியவை' பட்டியலைத்தான். சர்க்கரை, வெல்லம், உருளைக்கிழங்கு, மாம்பழம் என்று பக்கம் நிறைந்துவிடும். அந்த நோயாளி வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் பதில் வராது. நோட்டில் மதிப்பெண் கிடைக்கும். மறுநாள் மதியம் அவர் தட்டைப் பார்த்தால் அதற்கும் நோட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

வரிசை தலைகீழாக இருப்பதுதான் கோளாறு. முதலில் அவர் தட்டு, அப்புறம் கணக்கு, கடைசியில்தான் விலக்க வேண்டியவை. இந்த வரிசையில் போனால் விலக்கும் பட்டியல் நான்கைந்து வரிக்கு மேல் வராது.

விளக்குவதற்கு ஒரு மாதிரி நோயாளியை வைத்துக்கொள்வோம். 54 வயது, ஆட்டோ ஓட்டுபவர். உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. வேளைக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேஸ் ஷீட், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள் (சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின்), மருந்துச் சீட்டு, எடைக் கருவி, அளவு நாடா. இவற்றோடு ஒரு 200 மி.லி. டம்ளரும் ஒரு டீஸ்பூனும் வேண்டும். பலர் இந்தக் கடைசி இரண்டை விட்டுவிடுகிறார்கள். "ஒரு கப் சோறு" என்று நீங்கள் சொல்லும்போது நோயாளி மனதில் எந்தப் பாத்திரம் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. டம்ளரைக் கையில் எடுத்துக் காட்டினால் பேச்சு ஒரே அளவில் நடக்கும்.

உணவின் சத்து அளவுகளுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பொருள் அட்டவணையைப் பாருங்கள். கைப்பேசியில் தேடினால் வரும் வெளிநாட்டு எண்கள் நம் இட்லிக்கும் சுண்டலுக்கும் பொருந்தாது.

## 2. டாக்டரின் ஆர்டரை முழுதாகப் படியுங்கள்

'டி.டி.' என்று இருந்தால் சர்க்கரை நோயாளி உணவு. 'எஸ்.ஆர்.டி.' என்றால் உப்பு குறைத்த உணவு. இரண்டும் இருந்தால் இரண்டும் பொருந்தும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்ற குறிப்பு இருக்கிறதா, இருந்தால் எத்தனை மணி வரை என்பதையும் பாருங்கள். ஸ்கேனுக்காகக் காலையில் போட்ட தடை ஸ்கேன் முடிந்த பிறகும் அப்படியே தொடர்ந்து, மதியம் வரை பட்டினி கிடந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

உணவு வகையை முடிவு செய்வது டாக்டரும் உணவியல் நிபுணரும். அந்த வகைக்குள் தட்டை அமைப்பதும், தட்டு உண்மையில் காலியாகிறதா என்று கவனிப்பதும் நம் வேலை.

## 3. நேற்று சாப்பிட்டதைக் கேளுங்கள்

இந்த ஒரு படியில்தான் திட்டம் நிற்பதும் விழுவதும். 24 மணி நேர உணவு விவரம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். படித்த மாதிரியே "காலை உணவு என்ன?" என்று கேட்டால் "இட்லி" என்று ஒரே சொல்லில் பதில் வரும்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஐயா, நேத்து எழுந்ததும் முதல்ல வாயில என்ன வெச்சீங்க?"

"ஒரு காபி, சிஸ்டர்."

"சக்கரை போட்டா?"

"ரெண்டு ஸ்பூன். சுகர் இருக்குன்னுதான் குறைச்சிட்டேனே."

"சரி. அப்புறம் எத்தனை மணிக்கு?"

'அப்புறம்' என்ற சொல்தான் இங்கே நமக்குக் கருவி. படுக்கப் போகும் வரை விடாமல் 'அப்புறம்' கேளுங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது குடித்த டீ, கூட வந்த வடை, பேத்தியின் பிஸ்கட், எல்லாம் அப்படித்தான் வெளியே வரும். நம் ஆட்டோக்காரர் காபி, டீ சேர்த்து நான்கு வேளை குடிக்கிறார். வேளைக்கு 2 டீஸ்பூன் என்றால் 8 டீஸ்பூன், அதாவது சுமார் 40 கிராம் சர்க்கரை, 160 கிலோகலோரி. அவர் கணக்கில் அது சாப்பாடே இல்லை.

முகத்தைச் சுளிக்காதீர்கள். "ஐயோ, வடையா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்கு மேல் உண்மை வராது. கட்டிலருகே நிற்கும் மனைவியிடம் தனியாக ஒருமுறை கேளுங்கள். சமைப்பவர் சொல்லும் அளவும் சாப்பிடுபவர் சொல்லும் அளவும் பெரும்பாலும் ஒத்துவராது.

எண்ணெய், உப்பு இரண்டையும் நேராகக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பாக்கெட் கணக்கு கேளுங்கள். வீட்டில் 4 பேர், 1 கிலோ உப்பு 25 நாளில் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளுக்கு 10 கிராம். 1 லிட்டர் எண்ணெய் 10 நாள் வருகிறது என்றால் ஆளுக்கு 25 மி.லி. தோராயம்தான், ஆனால் 'கம்மியாத்தான் போடுவோம்' என்ற பதிலைவிட மேல்.

கடைசியாக, விரத நாட்கள். சனிக்கிழமையோ புரட்டாசியிலோ முட்டை தொடாதவருக்கு முட்டை எழுதிக் கொடுத்தால் அது மேசையில் ஆறிக்கிடக்கும். ரம்ஜான் நோன்பு வைப்பவர் இன்சுலினும் போட்டுக்கொள்பவர் என்றால், அதை அன்றே டாக்டர் காதில் போட வேண்டும்.

## 4. எடையும் உயரமும்: எந்த எடையை எடுப்பது?

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. நம் நோயாளிக்கு 74ஐ 1.65 × 1.65 ஆல் வகுத்தால் 27.2. இந்தியர்களுக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் பருமன். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கும் 25, 30 எல்லைகளை வைத்து 'சற்றே அதிக எடை' என்று எழுதிவிடாதீர்கள்.

பருமனானவருக்குக் கலோரி கணக்கை இப்போதைய எடையில் போடக் கூடாது. போட்டால் அந்தக் கூடுதல் எடைக்கும் சேர்த்துச் சாப்பாடு கொடுத்ததாகிவிடும். உயரத்தில் 100ஐக் கழிப்பது ஆண்களுக்கான எளிய வழி: 165 − 100 = 65 கிலோ. இதுதான் நமக்கு வேண்டிய எடை.

கால் வீங்கியவர், வயிற்றில் நீர் கோத்தவர் இவர்களிடம் எடைக் கருவி காட்டும் எண்ணில் பாதி பொய். நீர் இறங்கிய பிறகு எடுத்த எடை இருந்தால் அதைக் கொள்ளுங்கள். எழுந்து நிற்க முடியாதவருக்கு மேல்கையின் நடுச்சுற்றளவை அளக்கலாம். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் மெலிவு என்று சந்தேகப்படலாம்.

## 5. கலோரியும் புரதமும்

அதிகம் நடமாடாத, எடை குறைய வேண்டிய ஒருவருக்குக் கிலோவுக்கு 20 முதல் 25 கிலோகலோரி. 65 கிலோவுக்கு 1300 முதல் 1625. நடுவில் 1500 என்று வைத்துக்கொள்வோம்.

அதை இந்த வரிசையில் பிரியுங்கள்:

புரதம் முதலில். கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் என்றால் 52 முதல் 65 வரை. 60 கிராம் எடுத்தால் 240 கிலோகலோரி.

அடுத்து கொழுப்பு. மொத்தத்தில் கால்வாசி, 375 கிலோகலோரி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 என்பதால் சுமார் 42 கிராம்.

மீதி 885 கிலோகலோரி மாவுச்சத்து. 4 ஆல் வகுத்தால் 221 கிராம்.

ஏன் புரதம் முதலில்? மாவுச்சத்தை முதலில் நிரப்பினால் நம் ஊர்ச் சாப்பாட்டில் அதுவே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். புரதத்துக்கு இடம் மிஞ்சாது.

ஈரல் சுருங்கிய நோயாளி என்றாலே புரதத்தை வெட்டும் பழக்கம் இன்னும் சில நோட்டுகளில் உயிரோடு இருக்கிறது. இப்போதைய நடைமுறை அப்படியில்லை. அவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை, படுக்கும் முன் ஒரு சிற்றுணவும் வேண்டும். பட்டினி இரவு நீண்டால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது.

## 6. எண்ணைப் பங்காக மாற்றுங்கள்

'221 கிராம் மாவுச்சத்து' என்று நோயாளியிடம் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பங்குக் கணக்கு. கீழே ஒவ்வொரு வரியும் ஒரு பங்கு. தோராயமாக நினைவில் வைக்க வேண்டியவை:

- தானியம், சமைக்காத 30 கிராம்: 100 கிலோகலோரி, 2.5 கிராம் புரதம்
- பருப்பு அல்லது பயறு, சமைக்காத 30 கிராம்: 100 கிலோகலோரி, 6 முதல் 7 கிராம் புரதம்
- டோன்டு பால் 100 மி.லி.: 60 கிலோகலோரி, 3 கிராம் புரதம்
- முட்டை 1: 70 கிலோகலோரி, 6 கிராம் புரதம்
- கிழங்கு அல்லாத காய் 100 கிராம்: 25 கிலோகலோரி
- பழம் ஒரு பங்கு: 50 கிலோகலோரி
- எண்ணெய் 1 டீஸ்பூன்: 45 கிலோகலோரி

'சமைக்காத' என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும், அரிசியில் இருந்த கலோரி மாறாது, தண்ணீர்தான் கூடும். அட்டவணையில் அரிசிக்கு இருக்கும் எண்ணை எடுத்து, தட்டில் இருக்கும் சோற்றின் எடையோடு பெருக்கினால் விடை இரண்டரை மடங்கு தப்பாக வரும். நான் திருத்திய நோட்டுகளில் அடிக்கடி கண்ட ஒரே கணக்குப் பிழை இதுதான்.

இப்போது நிரப்புவோம். தானியத்தைத் தொடாமல் மற்றவற்றை முதலில்: பால் 400 மி.லி. (240), பருப்பு வகை மூன்று பங்கு (300), முட்டை ஒன்று (70), காய் 400 கிராம் (100), பழம் ஒரு பங்கு (50), எண்ணெய் 3 டீஸ்பூன் (135). கூட்டினால் 895. 1500இல் மிஞ்சுவது 605, அதாவது ஆறு தானியப் பங்கு. பால், பருப்பு, முட்டை, தானியம் நான்கிலும் சேர்த்துப் புரதம் 51 முதல் 54 கிராம், காயிலும் கொஞ்சம் வருகிறது, போதும்.

இனி அவர் நேற்று சாப்பிட்டதோடு ஒப்பிடுங்கள். மதியம் மட்டும் மூன்று டம்ளர் அளவு சோறு சாப்பிட்டிருக்கிறார். ஒரு டம்ளர் சோறு ஏறக்குறைய இரண்டு பங்கு. ஒரு நாளைக்கான ஆறு பங்கும் ஒரே வேளையில் முடிந்துவிட்டது. காய் என்று சாம்பாரில் மிதந்த இரண்டு முருங்கைத் துண்டு. அவருடைய பிரச்சினை மாம்பழம் இல்லை என்பது இப்போது தெரிகிறதா?

## 7. பங்கைத் தட்டில் வையுங்கள்

ஆறு தானியப் பங்கை மூன்று வேளைக்கு இரண்டிரண்டாகப் பிரியுங்கள். ஒரே வேளையில் குவிந்தால் சர்க்கரை ஏறும், அடுத்த வேளைக்குள் இறங்கும், இன்சுலின் அளவைச் சரிசெய்யவே முடியாது.

காலை 6.30க்கு சர்க்கரை போடாத காபி, பால் 100 மி.லி. 8.30க்கு நடுத்தர இட்லி 3, சாம்பார். 11 மணிக்கு ஒரு கொய்யா. மதியம் ஒரு டம்ளர் சோறு, பருப்பு போட்ட குழம்பு, 200 கிராம் காய், 200 மி.லி. பாலில் உறைந்த தயிர். மாலையில் 30 கிராம் கடலையில் செய்த சுண்டல், சர்க்கரை இல்லாத டீ. இரவு 8 மணிக்கு எண்ணெய் விடாத சப்பாத்தி 2, பாசிப்பருப்புக் கூட்டு, மீதிக் காய், ஒரு முட்டை.

இட்லியில் உளுந்தும் கலந்திருப்பதால் அதைத் தானியப் பங்கு என்று கொள்வது துல்லியமில்லை. வார்டுக்கு இது போதும்.

சோற்றை மூன்று டம்ளரிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்தால் வயிறு காலியாகத்தான் இருக்கும். அதனால்தான் காயும் சுண்டலும். காயை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைக்கச் சொல்லுங்கள்.

"அரிசிக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் குடிக்கலாமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் அதிகம், உண்மைதான். ஆனால் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அரைத்து, கரைத்து, கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். குடிக்கலாம், பங்குக்குள் அடங்க வேண்டும் என்று பதில் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லாதீர்கள்.

## 8. உப்பு

நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். அதில் சோடியம் சுமார் 2 கிராம். டாக்டர் '2 கிராம் சோடியம்' என்று எழுதியதை '2 கிராம் உப்பு' என்று படித்துவிட்டால் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் போகும்.

சமைக்கும்போது குறைத்தாலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், சோடா உப்பு போட்ட பலகாரம் வழியாகத் திரும்பி வந்துவிடும். நம் நோயாளிக்கு ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்துவது முதல் வேலை. எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கொத்தமல்லி இவற்றைக் கூட்டினால் நாக்கு ஓரிரு வாரத்தில் பழகும்.

## 9. சிறுநீரக நோயாளியிடம் 'சத்தானது' என்ற சொல்லை மறந்துவிடுங்கள்

மாணவியாக இருந்தபோது நான் செய்த தவறு இது. சோர்ந்து கிடந்த ஒரு சிறுநீரக நோயாளிக்கு உறவினர்கள் இளநீர் வாங்கி வந்தார்கள். "கொடுக்கலாமா சிஸ்டர்?" என்றார்கள். "தாராளமா கொடுங்க, நல்லதுதானே" என்றேன். மூத்த சிஸ்டர் ஓடிவந்து டம்ளரை வாங்கினார். அன்று அவருடைய பொட்டாசியம் 6ஐத் தொட்டிருந்தது. 3.5 முதல் 5 வரைதான் இயல்பு. அதற்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நான் ரிப்போர்ட்டைப் புரட்டவே இல்லை.

இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, தக்காளி சூப், கீரை எல்லாமே இந்த வகை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தால் காயைச் சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மற்றவர்களுக்கு 'காய் வெந்த நீரைக் கொட்டாதே' என்று சொல்லிக் கொடுத்த அதே வாயால் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று உறவினர் வாங்கி வைத்திருப்பார். சிறுநீரக நோயாளிக்கு அது ஆகாது.

புரதமும் இடத்துக்கு இடம் மாறும். டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம். டயாலிசிஸில் புரதம் வெளியேறுவதால் 1 முதல் 1.2 வரை கூட்ட வேண்டும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு டயாலிசிஸ் நோயாளியை மெலிய விட்டுவிடாதீர்கள்.

நீர் அளவு கட்டுப்படுத்தியிருந்தால், முந்தைய நாள் சிறுநீரோடு 500 மி.லி. என்பது வழக்கமான கணக்கு. ரசம், மோர், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், ஐஸ் கட்டி எல்லாம் அதற்குள் அடக்கம்.

## 10. பதம்

தெளிந்த நீராகாரம், முழு நீராகாரம், மென்மையான உணவு, சாதாரண உணவு என்பது ஏறும் வரிசை. வடிகட்டிய பருப்புத் தண்ணீர், இளநீர், பால் விடாத டீ தெளிந்தவை. பால், கூழ் முழு நீராகாரம். தெளிந்த நீராகாரத்தில் கலோரியும் புரதமும் மிகக் குறைவு, ஓரிரு நாளைக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரிடம் நினைவூட்டுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நீர்த்த கஞ்சிதான் எளிது என்று தோன்றும். உண்மையில் தண்ணீர் போன்றதுதான் மூச்சுக்குழாயில் சீக்கிரம் இறங்கும், கெட்டியான பதம் பாதுகாப்பானது. மூக்கு வழிக் குழாயில் கொடுப்பதானால் ஒவ்வொரு முறையும் குழாய் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்திய பிறகே ஊற்றுங்கள். காற்றைச் செலுத்தி ஸ்டெத்தில் கேட்பதை மட்டும் நம்ப வேண்டாம். உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமில அளவு (பி.எச்.) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

## 11. மருந்து நேரத்தோடு பொருத்துங்கள்

ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு. வேகமாக வேலை செய்யும் வகை என்றால் சாப்பிட உட்காரும் நேரத்தில். ஊசியைப் போட்டுவிட்டு நோயாளியை எக்ஸ்ரேக்கு அனுப்புவது, சாப்பாட்டு வண்டி தாமதமாக வருவது, இந்த இரண்டும்தான் வார்டில் சர்க்கரை இறங்குவதற்கு நான் அடிக்கடி கண்ட காரணங்கள். சாப்பாடு வந்துவிட்டதா, எப்போது வரும் என்று தெரிந்துகொண்ட பிறகு ஊசியை எடுங்கள்.

ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, நோயாளி நினைவோடும் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இரும்பு மாத்திரையோடு டீ கூடாது, எலுமிச்சைச் சாறு சரி. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணி முதல் ஒருமணி முன்பு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவரிடம் கீரையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடச் சொல்லுங்கள். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாறும்போதுதான் மருந்தின் அளவு குழம்புகிறது.

## 12. தட்டு திரும்பி வரும்போது பாருங்கள்

'உணவு எடுத்துக்கொண்டார்' என்று எழுதினால் அடுத்த டியூட்டிக்கு எதுவும் தெரியாது. 'இட்லி 3இல் 1 மட்டும், சாம்பார் முழுவதும், குமட்டல் என்றார்' என்று எழுதுங்கள். இன்சுலின் போட்டவர் கால்வாசிதான் சாப்பிட்டார் என்றால் எழுதிவைப்பதோடு நிற்காமல் உடனே சொல்லவும் வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரே தாள். அவர் சொன்ன நேரங்கள், அவர் வீட்டுப் பாத்திரத்தின் அளவு, நிறுத்த வேண்டியவை நான்கு வரி: காபியிலும் டீயிலும் போடும் சர்க்கரை, ஊறுகாய், அப்பளம், ஸ்டாண்டு வடை. சமைப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலை ஆடும். "நாளைக்கு மதியம் என்ன சமைப்பீங்கம்மா, எவ்வளவு சோறு வெப்பீங்க?" என்று கேளுங்கள். அந்த அம்மா டம்ளரைக் கையில் எடுத்து அளவு காட்டினால் தாளைக் கொடுத்து அனுப்பலாம். "மூணு கரண்டி" என்றால், கரண்டி எவ்வளவு பெரிது என்று கேட்டுவிட்டு ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.